முன் சீட்டு

வில்லியனூர் ரயில்வே கேட்டைத் தாண்டியதும் வேன் இரண்டு முறை திக்கித் திணறி நின்றுவிட்டது.

"எறங்குங்க அண்ணி" என்றான் பாவாடை, முகத்தைப் பார்க்காமல்.

பின்னால் மீன்கூடைகளுக்கு நடுவே இருந்த பெண்கள் சிரித்தார்கள். "மகராசி கால் தரையில பட்டாத்தான் இது நகரும்" என்றாள் வீராயி.

ஊரைவிட்டுப் போன வெள்ளைக்காரர் ஒருவரிடம் அஞ்சலாட்சி வாங்கிய பழைய வேன் அது. கணவன் இருசப்பன் கடலுக்குப் போவான். கொழுந்தன் பாவாடை வண்டி ஓட்ட, அவள் விழுப்புரம் சந்தைக்கு மீன் கொண்டுபோவாள். வைத்திக்குப்பத்துப் பெண்களில் முன் சீட்டில் உட்கார்ந்து சந்தைக்குப் போனவள் அவள் ஒருத்திதான். கண்ணாடிக்கு முன்னால் சாலை விரிந்து வரும்போது, இத்தனை காலம் கூடை அழுத்திய கழுத்து தானாக நிமிரும். அந்த இடம் தனக்கு எவ்வளவு வேண்டியிருந்தது என்பதை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

ஆடி பிறந்ததிலிருந்து வண்டி வழியில் நிற்க ஆரம்பித்தது. பிளக்கைத் துடைத்தார்கள், கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவினார்கள். பலனில்லை. ஒவ்வொரு முறையும் அவளை இறக்கிவிட்டு, டாங்க் மூடியைத் திறந்து, குச்சி விட்டு பெட்ரோல் பார்ப்பான் பாவாடை. பிறகு வண்டி கிளம்பிவிடும். பெண்பிள்ளை முன்னால் உட்கார்ந்தது வண்டிக்கு ஆகவில்லை என்று குப்பத்தில் பேச்சு. இன்றும் நின்றால் நாளையிலிருந்து பின்னால் ஏறிக்கொள் என்று இருசப்பன் சொல்லிவிட்டான். நிமிர்ந்த கழுத்துதான் வண்டியை நிறுத்துகிறதோ என்று அவளுக்கே சில நாள் தோன்றியதுண்டு.

கதவில் கை வைத்தவள் அப்படியே இருந்தாள். நான் இறங்கும்போதெல்லாம் மூடியும்தானே திறக்கிறது? பழி மட்டும் ஏன் எனக்கு?

"நான் எறங்கல. நீ மூடியத் தொற."

"பெட்ரோல் இருக்குது அண்ணி. காலையிலயே பாத்தேன்."

"இருக்கட்டும். தொற."

முணுமுணுத்துக்கொண்டே திறந்தான். உஸ்ஸென்று காற்றை உள்ளே இழுத்துக்கொண்டது டாங்க். பிறகு முன்பக்கம் வந்து, எஞ்சினைக் கிளப்பும் கைப்பிடியைச் சுழற்றினான். அவள் அசையாமல் உட்கார்ந்திருக்க, எஞ்சின் உயிர்பெற்றது.

பின்னால் சிரிப்பு ஓய்ந்தது.

இப்போது அவளாகவே இறங்கிப் போய் மூடியை வாங்கிப் பார்த்தாள். ஆடி வெள்ளிக்கிழமை தோறும் வீராம்பட்டினம் அம்மன் கோயிலிலிருந்து மஞ்சள் கொண்டுவந்து, வண்டியின் வாய் அதுதான் என்று அதன்மேல் அப்பி, பொட்டு வைத்திருந்தான் பாவாடை. முந்தானையால் அழுத்தித் துடைத்தாள். நடுவில் ஒரு சின்னத் துளை, காய்ந்த மஞ்சளால் அடைபட்டிருந்தது. வளையலில் கோத்திருந்த ஊக்கை எடுத்துக் குத்தினாள்.

"மண்ணெண்ண டின்னுல ஒரு ஓட்ட மட்டும் போட்டா எண்ண சீரா வருமா? மேல இன்னொண்ணு போடறமில்ல, காத்து போக? இதுவும் அதான்."

"ஆத்தாவுக்குன்னு வெச்சது…" என்றான் பாவாடை.

"வெய்யி, வேணாங்கல. வண்டிக்கு நெத்தி இருக்குதில்ல, அங்க வெய்யி."

"இத்தினி நாளா இவன் பக்திதான் வண்டிய நிறுத்திச்சா?" என்றாள் வீராயி. பாவாடைக்கே சிரிப்பு வந்துவிட்டது.

அஞ்சலாட்சி சிரிக்கவில்லை. அவர்களைக் குத்திக்காட்ட வார்த்தைகள் நாக்குவரை வந்தன. ஆனால் அதைவிடப் பெரிதாக ஒன்று நெஞ்சில் நிறைந்திருந்தது. அதைப் பேசிக் கலைக்க மனம் வரவில்லை.

வீராயி இறங்கி வந்து முன்கதவைப் பிடித்துக்கொண்டாள். "கொஞ்சம் நவுரு. நானும் முன்னால வரேன்."

"நாளைக்கி வா" என்றாள் அஞ்சலாட்சி. "இன்னிக்கி நான் தனியா ஒக்காரணும்."

கண்டமங்கலம் தாண்டியது. வண்டி நிற்கவில்லை.