விசில் வராத மத்தியானம்

விசிலை அடக்குவதற்குத்தான் இப்போது எனக்குச் சம்பளம் தருகிறார்கள். பெங்களூரில், மெமரி சிப்புகளின் கடிகாரத் துடிப்பை வடிவமைக்கும் வேலை. துடிப்பு ஒரே சீராக இருந்தால் அதன் இரைச்சல் ஒரே இடத்தில் குவிந்து அக்கம்பக்கத்துக் கருவிகளைப் பாடாய்ப் படுத்தும். அதனால் துடிப்பின் வேகத்தை இம்மியளவு ஏற்றி இறக்கி இரைச்சலைப் பரப்பிவிடுவோம். திரையில் கொம்பு மாதிரி நின்ற கோடு தணியும்போது கூட இருப்பவர்கள் கை தட்டுவார்கள். எனக்குக் கொச்சியில் நாங்கள் இருந்த மட்டாஞ்சேரி ஞாபகம் வந்துவிடும், கூடவே முப்பிடாதியும்.

இரண்டாயிரமாவது வருஷம். ஒரே ஓட்டுக் கூரையை நடுவில் சுவர் வைத்துத் தடுத்த வீடு எங்களுடையது. இந்தப் பக்கம் நாங்கள். கார்ப்பரேஷன் லாரி ஓட்டும் அப்பாவும் வீட்டுவேலைக்குப் போகும் அம்மாவும் காலையில் கிளம்பிவிடுவார்கள். டிப்ளமோ முடித்த நான் கம்ப்யூட்டரில் கல்யாணப் பத்திரிகை அடித்துக்கொண்டிருந்தேன். அந்தப் பக்கம், சங்கரன்கோவிலிலிருந்து கல்யாணமாகி வந்த முப்பிடாதி. அவள் புருஷன் தங்கதுரைக்கு ஆலுவாவில் ஓட்டல் வேலை, வாரம் ஒருமுறைதான் வருவான். அவளுக்கு மலையாளம் ஒரு சொல் தெரியாது. ஏழு மாத வயிறும் ஒரு ரேடியோவும்தான் துணை.

ஒருநாள் கதவைத் தட்டினாள்.

"யக்கா, ஒங்க பொட்டியப் போட்டா எங்க ரேடியோவுல விசிலடிக்கி. வியாழக்கிழம ஒருநாதான் தமிழ்ப்பாட்டு வைக்கான். அதயும் கேக்க முடியல."

"நெஜமாவா? பேடிக்காதே, நான் நோக்கறேன்" என்றேன். பயப்படாதே, பார்க்கிறேன் என்பது என் கொச்சித் தமிழில் அப்படித்தான் வரும்.

குற்றவாளி என் கம்ப்யூட்டரின் மெமரிதான். வினாடிக்குப் பத்துக் கோடி தடவை துடிப்பது அதன் இயல்பு. வேகம் போதாதென்று நான் அதைக் கொஞ்சம் முடுக்கி வேறு வைத்திருந்தேன். அது நேராகப் போய்க் கொச்சி எஃப்.எம். அலைவரிசையின் மடியில் உட்கார்ந்துகொண்டது. வேகத்தைக் குறைத்தால் தீர்ந்திருக்கும், ஆனால் எனக்கு மனசு வரவில்லை. மதர்போர்டோடு வந்த கையேட்டைப் புரட்டியபோது 'ஸ்ப்ரெட் ஸ்பெக்ட்ரம்' என்று, இரைச்சலைப் பரப்பிவிடும் ஒரு அமைப்பு அகப்பட்டது. முழுக் காந்தாரி மிளகாயைக் கடிப்பதற்கும் அதையே அரைத்துக் குழம்பில் கரைப்பதற்கும் உள்ள வித்தியாசம்தான். காரம் அதேதான், ஆனால் நாக்கு பிழைத்துக்கொள்ளும்.

புதன்கிழமை ராத்திரி அதைப் போட்டுவிட்டேன். அவளிடம் சொல்லவில்லை. மறுநாள் பாட்டு சுத்தமாக வரும்போது அவளே ஓடிவந்து ஆச்சரியப்படட்டும் என்று ஒரு மிதப்பு.

வியாழன் மத்தியானம் சுவர் வழியாகத் தமிழ்ப்பாட்டு தேன் மாதிரி வந்தது. ஒரு கீறல் இல்லை. பத்திரிகை அடித்தபடியே காத்திருந்தேன். ஆள் வரவில்லை. பாட்டு முடிந்து மலையாளத்தில் தென்னைக்கு உரம் போடுவதைப் பற்றி யாரோ பேச ஆரம்பித்தார். மலையாளப் பேச்சு வந்தால் முப்பிடாதி அந்த நிமிஷமே ரேடியோவை அணைத்துவிடுவாள். அன்று அணைக்கவில்லை. உரம் முடிந்து பூச்சிமருந்துக்கு வந்துவிட்டார் அவர்.

பின்வாசல் வழியாக ஓடினேன். அடுக்களைத் தரையில், சுவரோரம் ஒருக்களித்துக் கிடந்தாள். உடம்பெல்லாம் வேர்வை, சேலையில் ரத்தம். நான் உட்கார்ந்து தட்டச்சு செய்த மேசை அந்தச் சுவருக்கு இந்தப் பக்கம்தான், கைக்கெட்டும் தூரம்.

"எந்தாடி இது! ஒரு சத்தம் கொடுக்கக்கூடாதா? சுவத்தைத் தட்டியிருக்கலாமே!"

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"விசிலு வரலியேக்கா. நீங்க வீட்ல இல்லன்னு நெனச்சேன். விசிலு வந்ததும் கூப்பிடலாம்னு கெடந்தேன்."

தொல்லை என்று நான் அடக்கி வைத்தது, நான் பக்கத்தில் இருக்கிறேன் என்று அவளுக்குச் சொன்ன ஒரே குரல்.

ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். இன்னும் தாமதித்திருந்தால் இரண்டு உயிரும் போயிருக்கும் என்று டாக்டர் என்னைத்தான் திட்டினார். வாங்கிக்கொண்டேன். பெண் குழந்தை, குறைமாதம். ஒரு மாதம் கண்ணாடிப் பெட்டியில் இருந்து பிழைத்து வந்தது.

அவர்கள் வீடு திரும்பிய அன்று, முதல் வேலையாக அந்த அமைப்பை எடுத்துவிட்டேன். விசில் பழையபடி கிளம்பியது. சுவருக்கு அந்தப் பக்கம் ரேடியோவின் சத்தத்தைக் கூட்டுவது கேட்டது.

அடுத்த வியாழக்கிழமை தமிழ்ப்பாட்டு முழுக்க விசிலடித்தது. முப்பிடாதி ரேடியோவை அணைக்கவே இல்லை.