கால் மணி நேர மிச்சம்

இரண்டு விமான நிலையங்களின் அட்சரேகை, தீர்க்கரேகையை வைத்து இலக்கியாவே கணக்குப் போட்டிருந்தாள். ஹைதராபாத்திலிருந்து சேலம் அறுநூற்றெட்டு கிலோமீட்டர். பறக்கும் நேரம் ஒன்றே முக்கால் மணி. இறங்கிய பிறகு டவுன் பஸ், ஏற்காடு பஸ், நாகலூர் பஸ், காத்திருப்பு எல்லாம் சேர்த்து நான்கு மணி நேரம். பன்னிரண்டே முக்காலுக்கு இறங்கினால், அண்ணன் யுவராஜ் நாலே முக்காலுக்கு எஸ்டேட் வீட்டு வாசலில் வந்து நிற்கலாம். எஸ்டேட் ஆபீஸை ஐந்துக்குச் சாத்துவார்கள்.

மிச்சமிருந்த அந்தக் கால் மணி நேரத்தில்தான் அவளுடைய எம்.எஸ்சி. இருந்தது.

அம்மா அம்மணிக்கு அன்றோடு எஸ்டேட் வேலை முடிகிறது. ஆபீஸ் சாத்துமுன் அவள் இடத்துக்கு வீட்டில் ஒருவர் பேர் கொடுத்தால் எஸ்டேட் வீடு நிலைக்கும். இல்லையென்றால் சாவியை ஒப்படைக்க வேண்டும். அம்மாவை ஹைதராபாத்துக்கே கூட்டிப் போய்விடுவதாகவும், தங்கை ஹாஸ்டலில் தங்கிப் படிக்கட்டும் என்றும் யுவராஜ் சொல்லியிருந்தான். ஒன்றே முக்கால் மணி நேரம் ஒரு தூரமா என்று சிரித்தான். அப்பா காரியத்துக்கு வந்து போனபின் மூன்று வருடமாக அந்த ஒன்றே முக்கால் மணி நேரம் அவனுக்குக் கிடைக்கவில்லை.

"அவன் வந்து நின்னாத்தான் சாவியக் குடுப்பேன்" என்று அம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்.

காலையிலிருந்து இலக்கியா செல்போனில் அந்த விமானத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். வரைபடத்தில் எறும்புபோல ஊர்ந்து வந்து, பன்னிரண்டு முப்பத்தெட்டுக்குச் சேலத்தில் நின்றது.

"அண்ணன் எறங்கிடுச்சும்மா."

அம்மா பெட்டியைப் பூட்டிவிட்டு, அவனுக்காகக் கோழியை அடுப்பில் ஏற்றினாள்.

ஒன்று இருபதுக்கு யுவராஜ் கூப்பிட்டான். பேய் மழையாம், விமானம் கிளம்பவே இல்லையாம், ரத்து செய்துவிட்டார்களாம். ஏர்போர்ட்டிலேயே உட்கார்ந்திருக்கிறானாம். அவனுக்குப் பின்னால் குக்கர் விசில் அடித்தது. இலக்கியா அடுத்த விசில் வரை காத்திருந்தாள்.

"மழ உட்டதும் பத்திரமா ஊட்டுக்குப் போங்கண்ணா" என்று வைத்துவிட்டாள்.

அம்மாவிடம் அவன் சொன்னதை அப்படியே சொன்னாள். அம்மா கரண்டியைக் கீழே வைக்கவில்லை. முக்கால் மணி நேரத்துக்கு முன் மகள் சொன்னதைக் கேட்டதாகவே காட்டிக்கொள்ளவில்லை.

"ஆகாசத்துல மழைன்னா அவன் என்ன கண்ணு பண்ணுவான்" என்றாள். பிறகு அடுப்பை அணைத்தாள். பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள். இரண்டு பேரும் சாப்பிடவில்லை.

நாலு மணிக்கு ஆபீசுக்குப் போனார்கள். கணக்கெழுதும் ரைட்டர் கமலக்கண்ணன், பையன் வரலீங்களா என்று கேட்டார். இலக்கியா வாய் திறக்குமுன் அம்மா, "அங்க நொம்ப மழைங்க" என்றாள். ரைட்டர் பேரேட்டைப் பிரித்து இலக்கியாவின் பேர், வயது எழுதினார்.

"படிப்பு? பி.எஸ்சி. பிசிக்ஸ்னு போடட்டுங்களா?"

"எழுதப் படிக்கத் தெரியும்னு போடுங்க" என்றாள் இலக்கியா.

அவர் ஒரு கணம் பேனாவை நிறுத்தி, அப்படியே எழுதினார். அவள் கையெழுத்துப் போட்டாள். சுவரில் மணி நாலு பத்து. கணக்குப்படி அண்ணன் இப்போது ஏற்காட்டில் நாகலூர் பஸ்ஸுக்கு நிற்க வேண்டும்.

"நாளைக்கு ஏழரைக்குக் களையெடுப்பு" என்றார் ரைட்டர். "புதுசாச் சேர்றவங்க களைக்கொத்து அவுங்களேதான் கொண்டாரணும்."

"என் கொத்தே இருக்குதுங்க" என்றாள் அம்மா.