அலுமாரிக் கப்பலுக்குச் செம்பு

கண்டக்குழியில் மக்டலின் வீட்டு அலுமாரியின் மேலிருந்த மரக்கப்பலுக்கு, சண்டை முடிந்த மூன்றாம் வருடம் அடியில் கொட்டலசு பிடித்தது. கடலில் கிடக்கும் படகுக்குப் பிடிக்குமே, அதே சிப்பிதான். அந்தக் கப்பலோ கடலைக் கண்டதேயில்லை. மகன் கிளைட்டன் பலாக்கட்டையில் முழ நீளத்துக்குச் செதுக்கி வைத்துவிட்டு, அடுத்த கிழமையே கற்பிட்டி ஜெமீலோடு பழைய மரப்போட்டில் ஏறிக் கடலுக்குப் போனான். இரண்டு பேரும் திரும்பவில்லை. தேடப் போனவர்கள் வெறுங்கையோடு வந்தார்கள். கப்பலிலிருந்து மட்டும் உப்புத்தண்ணீர் சொட்டிக்கொண்டேயிருந்தது. மக்டலின் கீழே வாளி வைத்து, அந்தத் தண்ணீரிலேயே கருவாட்டுக்கு மீன் ஊறப்போட்டாள். உப்பு மிச்சம்தானே!

புருஷன் யாகப்புவால் இதைத் தாங்க முடியவில்லை. "இன்னும் எவ்வளவு காலத்துக்கு அவன்ட ஆத்துமாவை அலைய விடுற? மரித்தோர் பூசை வைப்பம்" என்றார். "கப்பல் நனைஞ்சு கிடக்கு. என்ட பிள்ளை மிதக்கிறான். உயிரோட இருக்கிறவனுக்கு என்ன பூசை?" என்று அவள் சீறினாள். இப்படியே இரண்டு வருடம் கத்திக் களைத்து, பங்குக் கோயில் திருநாள் கழிந்த ஞாயிறு மட்டும் பார்ப்பது, வராவிட்டால் பூசை என்று ஒத்துக்கொண்டார்கள்.

அந்த நேரம் பார்த்துக் கப்பலில் புழு விழுந்தது. அடி முழுக்க ஊசித்துளை, கப்பல் ஒரு பக்கம் சாய்ந்தது. மக்டலின் துளைகளை ஊசியால் குத்திப் பார்த்தாள். கப்பலைப் புழு தின்று முடித்தால் மகனும் முடிந்தான். அந்தக் காலத்துக் கப்பல்களுக்குப் புழு அண்டாமல் அடியில் செம்பு அடிப்பார்கள் என்பது அந்தக் கரையில் எல்லோருக்கும் தெரியும். இத்தனூண்டு கப்பலுக்கு மெல்லிய செம்புக்கு எங்கே போவது? ஜெமீலின் ராத்தா ஸுலைஹாதான் வழி கண்டாள். தம்பிக்குச் சின்ன வயதில் கட்டிய இசிம் தாயத்துக் கூட்டை உடைத்து, உள்ளே ஓதிச் சுருட்டியிருந்த செம்புத் தகட்டை விரித்தாள். "காய்ச்சலுக்குக் கட்டின. கடலுக்கும் கேக்கும். எடுங்க அக்கா." பிறகு கற்பிட்டி உம்மாமாரின் இசிம்கள் வந்தன, உடப்பிலிருந்து கோயில் யந்திரத் தகடுகள் பஸ்ஸில் வந்தன. பங்குச் சுவாமி கண்டும் காணாததுபோல இருந்துகொண்டார்.

மக்டலின் தகடுகளை நகமளவு வெட்டி, கப்பலின் முன்பக்கமிருந்து ஒன்றன்மேல் ஒன்று விளிம்பேற்றி அடித்தாள். விடிந்து பார்த்தால் பாதித் தகடு கிளம்பி வாளிக்குள் கிடந்தது. தொடவே மாட்டேன் என்றிருந்த யாகப்பு அதைப் பார்த்துப் பொறுக்காமல் எழும்பி வந்தார். "விசரி, நீ மீனே அரிஞ்சதில்லையா? செதிள் வாலைப் பார்த்தெல்லோ படுத்திருக்கு. பின்னுக்கிருந்து தொடங்கு." சொன்னவரே சுத்தியலையும் பிடுங்கிக்கொண்டார். கடைசித் தகடு ஏறியதும் கப்பல் தானாக நிமிர்ந்து, மூக்கை வாசல் பக்கம் திருப்பியது.

ஞாயிறும் வந்தது. கோயிலில் கறுப்புடுத்த சனத்துக்கு நடுவே மக்டலின் மட்டும் பூப்போட்ட சட்டையோடு இருந்தாள். பூசை பாதியில் கோயில் வாசலில் பாலாவி பஸ் வந்து நின்றது. கிளைட்டன் இறங்கினான்; ஜெமீல் அதே பஸ்ஸில் கற்பிட்டிக்குப் போனான். மக்டலின் ஓடிப்போய் மகனின் முதுகில் இரண்டு அறை அறைந்துவிட்டுக் கட்டிப்பிடித்து ஓவென்று அழுதாள். "போட் அடியெல்லாம் ஓட்டை, அம்மா. தண்ணி இறைச்சே செத்தோம். ஒரு நாள் தண்ணி ஏறுறது தன்பாட்டில நிண்டிட்டுது" என்றான் அவன். சுவாமி பூசையை நிறுத்தவில்லை. கிளைட்டனின் ஆத்துமாவுக்காக என்று வாசித்தபோது, முன்வரிசை வாங்கில் வந்து உட்கார்ந்திருந்த கிளைட்டனே உரக்க ஆமென் சொன்னான். யாகப்பு தலைகுனிந்து விம்மினார்.

கிளைட்டனின் உள்ளங்கால் இரண்டும் செம்புக் களிம்பேறிப் பச்சையாயிருந்தன. மக்டலின் பழப்புளி போட்டுத் தேய்த்தாள், போகவில்லை. கிடக்கட்டும் என்று விட்டுவிட்டாள். கப்பல் காய்ந்துவிட்டது. கருவாட்டுக்கு இப்போது உப்பு வாங்க வேண்டியிருக்கிறது என்பதுதான் அவளுக்கு ஒரே குறை.