புதினா தடவிய தாள்

தம்பியின் சிநேகிதனுக்கு வார்டில் வலிப்பு நிற்கவில்லை. என்ன தின்றான் என்று டாக்டருக்குப் பிடிபடவில்லை. ஆஸ்பத்திரி ஆய்வகத்தில் வேலை பார்க்கும் அக்கா, தம்பியை மாடிப்படிக்கு இழுத்து வந்தாள்.

“அவனுக்கு என்னத்தடா வித்த, பெரிய மனுஷா?”

“எல்எஸ்டி தாள்தான்க்கா. நாக்குல வச்சா போதை ஏறும்.”

அவனிடமிருந்த மிச்சத் தாளைப் பிடுங்கி முகர்ந்தாள். புதினா வாசம்.

“இது எதுக்கு?”

“கசப்பு தெரியாம இருக்க.”

அவளுக்குச் சட்டென்று விளங்கியது. எல்எஸ்டிக்கு ஏது கசப்பு? கசப்பது ‘என்-பாம்’ (NBOMe) என்ற வேறு போதை; எல்எஸ்டி என்று ஏமாற்றி விற்கப்படும், ஆளையே கொல்லும் மலிவுச் சரக்கு. தெரிந்தே வாசனை தடவிக் கூட்டாளி வாயில் வைத்திருக்கிறான்!

“டாக்டர்கிட்ட சொல்லிடாதக்கா. நான் உன் தம்பி.”

கையைப் பிடித்தவனைப் புழுவை உதறுவதுபோல் உதறிவிட்டு, டாக்டரிடம் ஓடினாள்.