ஸ்பை சொன்ன சாட்சி

ஜெயப்பிரகாஷை நினைத்தாலே எனக்குக் குமட்டும். திருப்பாதிரிப்புலியூரில் பாத்திரக் கடைக்கு மேலே இருந்த எங்கள் சாஃப்ட்வேர் கம்பெனியில் அவன்தான் டீம் லீடர். 2010இல் ஒரு சர்க்கரை ஆலைக்கு நாங்கள் புரோகிராம் எழுதினோம். கரும்பு வெட்டும் தேதி முன்னால் வந்தால், விவசாயியின் செல்போனுக்கு மெசேஜ் போக வேண்டும்.

அதைச் சோதிக்க அவன் ‘ஸ்பை’ என்றொரு குட்டி புரோகிராமை வைத்தான். ‘அனுப்பு’ என்ற பகுதியை புரோகிராம் கூப்பிட்டதா என்று வேவு பார்த்துச் சொல்வது அதன் வேலை. கூப்பிட்டால் திரையில் பச்சை. மெசேஜ் போனதா என்று அதற்குத் தெரியாது. அந்தப் பகுதிக்குள் இந்த மகராசன் ஒரு வரிகூட எழுதியிருக்கவில்லை. கேட்டதற்கு, “பச்ச வந்துடுச்சில்ல அருள்மொழி? வேலயப் பாரு” என்றான். பூட்டிய வீட்டுக் கதவில் பத்திரிகையைச் செருகிவிட்டு, கல்யாணத்துக்கு அழைத்தாயிற்று என்பார்களே, அந்த ரகம்.

சிதம்பரம் பக்கத்து விவசாயி தங்கராசுவின் தேதி முன்னால் வந்தது. அவருக்குத் தகவலே இல்லை. வெட்ட வந்த ஆட்கள் வயலில் யாரும் இல்லாமல் திரும்பிவிட்டார்கள். முறை போயிற்று. இனி சீசன் கடைசியில்தான். அதற்குள் கரும்பு சக்கையாகிவிடும். ஆலை அலுவலர் தேவசகாயம் அவரை எங்கள் ஆபீசுக்கே கூட்டி வந்தார். மெசேஜ் போகவில்லை என்று தெரிந்தால்தான் முறையைத் திருப்பித் தர முடியும் என்றார்.

“டெஸ்ட் எல்லாம் பாஸ் சார். இவுருதான் பாக்காம அழிச்சிருப்பாரு” என்றான் ஜெயப்பிரகாஷ், நாக்கூசாமல்.

“எனக்கு அழிக்கவே தெரியாதுங்க” என்றார் தங்கராசு.

சீ, இதுவும் ஒரு பிழைப்பா! வேலை போனால் போகட்டும் என்று, ஸ்பை இல்லாமல் நிஜ புரோகிராமையே அவர் நம்பருக்கு ஓட்டினேன். வெறும் பகுதியைக் கூப்பிட்டதையே அனுப்பியதாக எடுத்துக்கொண்டு, ‘அனுப்பப்பட்டது’ என்று அதுவும் பச்சையில் காட்டியது. எல்லோரும் தங்கராசு கையிலிருந்த போனையே பார்த்தோம். அது வாயைத் திறக்கவில்லை.

“டவர் இருக்காது சார்” என்றான் ஜெயப்பிரகாஷ்.

தேவசகாயம் தன் போனை எடுத்து அழுத்தினார். தங்கராசுவின் போன் அலறியது. அவர் பதறிப்போய், எதிரில் நிற்பவரைப் பார்த்தபடியே அதைக் காதில் வைத்தார்.

“ஐயா, கரும்பு காயுதுங்க.”

“நாளைக்கே ஆளு வருவாங்க தங்கராசு” என்றார் தேவசகாயம், போனிலேயே.

ஜெயப்பிரகாஷின் விரல் அப்போதும் திரையிலிருந்த பச்சையைத்தான் காட்டிக்கொண்டிருந்தது.