பலகை வைக்க மறந்த மாலை

1

இந்தக் கதை என் மறதியிலிருந்து வந்தது. நவம்பர் கடைசியில் ஐந்து நாட்கள் பெரியம்மாவின் வாத்துகளுக்கு நான் தீனி புகட்டினேன். ஒவ்வொரு வேளையும் குறிப்பேட்டில் எழுதினேன். அப்படியும் இரண்டு பிழைகள் செய்தேன். ஒன்றால் ஒரு விஷயம் தெரியவந்தது. மற்றதால் அந்த விஷயத்தை நம்ப முடியாமல் போய்விட்டது.

நீங்கள் யாரென்று எனக்குத் தெரியாது. கதை எழுதும் எங்கள் மாலை வகுப்பில் எழுதியவர் தன் கதையைத் தானே படிக்கக் கூடாது. ஆசிரியர் கஸ்னாவ் தன் தொப்பியில் சீட்டுப் போடுவார். யாருக்கு எந்தக் கதை விழுகிறதோ, அவர் பத்து நிமிடம் மனத்துக்குள் படித்துவிட்டுப் பிறகு எழுந்து சத்தமாகப் படிக்க வேண்டும். நீங்கள் இப்போது அந்தப் பத்து நிமிடத்தில் இருக்கிறீர்கள். ஆண்டுக் கடைசி வகுப்பு என்பதால் வீட்டாரும் வந்திருப்பார்கள். அவர்களும் சீட்டு எடுப்பார்கள். பெரியம்மா வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

அவசரப்பட்டு எழுந்துவிடாதீர்கள். கடைசி வரை படித்துவிட்டு எழுங்கள்.

2

முதல் தொடக்கம்: "எங்கள் ஜெர் பகுதியில் டிசம்பர் மாதம் வாத்தின் ஈரலோடுதான் பிறக்கிறது." அடித்துவிட்டேன். வகுப்பில் இருக்கும் பதினான்கு பேரில் பதினொரு பேர் வீட்டில் வாத்து உண்டு.

இரண்டாம் தொடக்கம்: "வாத்தின் தொண்டைக்குள் ஒரு குழாய் இறங்குகிறது." உண்மைதான். ஆனால் இப்படித் தொடங்கினால் பெரியம்மா வெறும் குழாய் பிடித்த கையாக ஆகிவிடுவார். பிறகு அவரை மனுஷியாக்க எனக்கு நாலு பக்கம் வேண்டியிருக்கும்.

மூன்றாம் தொடக்கம்: "என் பெரியம்மா ரெமோந்த் நல்லவர்." இதை மட்டும் அடிக்கவில்லை.

3

பெரியம்மாவிடம் அறுபது வாத்துகள், ஐந்து கம்பி அடைப்புகள். கிறிஸ்துமஸ் விருந்துக்கு ஈரல் கொழுக்கப் பன்னிரண்டு நாட்கள் புகட்ட வேண்டும். எட்டாம் நாள் விடியற்காலையில் உறைபனியில் வழுக்கி விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டார். பாதியில் நிறுத்தினால் எல்லாம் வீண். புதிய ஆளைக் கண்டால் வாத்துகள் மிரளும் என்பதால் கூலிக்கும் யாரையும் வைக்க மாட்டார்.

"என் மேலங்கியப் போட்டுக்கோ. அதுங்களுக்கு மூஞ்சி தெரியாது, துணிதான் தெரியும்" என்றார்.

நீல மேலங்கி.* முழங்கால் வரை வந்தது. கட்டுப் போட்ட கையோடு கொட்டகை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, வேலையைச் சொன்னார். உள்ளே நுழைந்ததும் குறுக்குப் பலகையைச் சொருக வேண்டும். அடைப்பு பாதியாகக் குறுகும். வாத்துகள் கைக்கெட்டும் தூரத்துக்கு வந்துவிடும். முக்காலியில் உட்கார்ந்து ஒன்றை முழங்கால்களுக்கு இடையில் பிடித்துக்கொள்ள வேண்டும். முதலில் கழுத்தடியில் தீனிப்பையைத் தொட்டுப் பார்க்க வேண்டும். பழைய தீனி இறங்காமல் இருந்தால் அந்த வேளை அதை விட்டுவிட வேண்டும். இறங்கியிருந்தால் மட்டும் குழாய், அதன் தலையில் இருக்கும் புனலில் சோள மாவு.

நான் வாத்தை இழுத்த வேகத்தைப் பார்த்து, "ஏண்டி, ரயிலப் பிடிக்கணுமா? வாத்துக்கு உன்ன விடப் பொறுமை இருக்கு" என்றார்.

[* நீலம் என்று எழுதுகிறேன். மார்புப் பக்கம் சோள மாவு காய்ந்து பழுப்பாகிவிட்டது. எந்த நிறத்தை அவை பார்த்தன என்பதும் எனக்குத் தெரியாது.]

4

அன்று முடித்துக் கை கழுவும்போது, அதுகளுக்கு வலிக்காதா என்று கேட்டேன். சிறு வயதிலிருந்து அந்தக் கொட்டகையைத் தாண்டிப் போயிருக்கிறேன். கேட்டது அதுதான் முதல் முறை.

அவர் கோபப்படவில்லை. "பெரிய பெரிய பண்ணையில மெஷினு ரெண்டு நொடியில அடைச்சு விட்டுடுது. அங்க போய்க் கேளு. நான் முப்பத்தோரு வருசமா உள்ள போறேன். ஒண்ணாவது என்னக் கண்டு ஒதுங்கியிருக்குமா? பலகையச் சொருகிட்டுத் திரும்பிப் பாக்குறதுக்குள்ள காலடியில நிக்கும்."

பிறகு, நான் கேட்காமலே சொன்னார்: "ஒதுங்குற அன்னைக்கு, இந்தப் புனலக் கழுவிக் கவுத்துட்டு முட்டைக் கோழி வாங்கிடுவேன். அதுக்கு மேல ஒரு நாள் செய்ய மாட்டேன்."

அவர் சொன்னால் செய்கிறவர். சிகரெட்டை அப்படித்தான் விட்டார்.

5

குறிப்பேட்டிலிருந்து, திருத்தாமல்:

எட்டாம் நாள் மாலை. மேலங்கி, பலகை. ஒரு வாத்தின் தொண்டையில் குழாயைக் கோணலாக விட்டுவிட்டேன். நுனியில் ரத்தம். பெரியம்மாவிடம் சொல்லவில்லை.

ஒன்பதாம் நாள் மதியம். தண்ணீர் மாற்றப் போனேன். மஞ்சள் மழைக்கோட்டு. எல்லாம் எழுந்து வந்தன. ஒன்று என் விரலை அலகால் கவ்விப் பார்த்தது.

ஒன்பதாம் நாள் மாலை. பெரியம்மா மருத்துவரிடம் போயிருந்தார். மேலங்கி. பலகையை மறந்துவிட்டேன். அந்த அடைப்பில் இருந்த பன்னிரண்டும் பின்பக்கக் கம்பியில் போய் ஒட்டிக்கொண்டன. ஒன்றன் மேல் ஒன்று. வாய் திறந்து மூச்சு வாங்கின.

பத்தாம் நாள். பலகை இல்லாமல் வேண்டுமென்றே பார்த்தேன். மழைக்கோட்டுக்கு வந்தன. மேலங்கிக்கு ஒதுங்கின.

பதினோராம் நாள். மேலங்கி, பலகை இல்லை. எதுவும் ஒதுங்கவில்லை. பழகிவிட்டன [அடித்தேன்]. எழுந்திருக்க முடியாத கனம் [இதையும் அடித்தேன்].

முப்பத்தோரு வருடமும் முதல் வேலை பலகை. அவை காலடியில் நின்றன என்றால், நிற்க வேறு இடம் இல்லை. இதுதான் எனக்குத் தெரியவந்த விஷயம்.

என் இரண்டாம் பிழையும் இங்கேதான். நான் கை வைப்பதற்கு முன்பே, அந்த மேலங்கியோடு, பலகை இல்லாமல், ஒரு முறை சும்மா நின்று பார்த்திருக்க வேண்டும். பார்க்கவில்லை. அதனால் அவை பயந்தது பெரியம்மாவின் மேலங்கிக்கா, அதற்குள் இருந்த என் முரட்டுக் கைக்கா? பன்னிரண்டாம் நாள் முடிந்ததும் வண்டி வந்து அறுப்புக்கு ஏற்றிப் போய்விட்டது. இனி அவற்றிடம் கேட்க முடியாது.

6

ஒரு முடிவில், பெரியம்மா இதைக் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போய்ப் புனலைக் கவிழ்க்கிறார். அது என் கையின் தவறாக இருந்தால், செய்யாத ஒன்றுக்காக அவர் தன் பிழைப்பை நிறுத்துகிறார்.

இன்னொன்றில் அவர் சிரித்து, "உன் கை அப்படி" என்கிறார். அது அவருடைய மேலங்கியின் தவறாக இருந்தால்... [முடிக்கவில்லை.]

மூன்றாவதில் யாரும் எதுவும் சொல்வதில்லை. திங்கட்கிழமை அடுத்த அறுபது வருகின்றன. கிறிஸ்துமஸ் அன்று சூடான ரொட்டியில் அந்த ஈரலைத் தடவி நானும் சாப்பிடுகிறேன். ருசியாக இருக்கிறது. எப்போதும் ருசியாகத்தான் இருந்திருக்கிறது.

மூன்றில் எதை எழுதினாலும் என் கை அதைச் செய்ததாக ஆகிறது. கட்டு அவிழ்த்துவிட்டார்கள், அவருடைய மணிக்கட்டு சரியாகிவிட்டது.

7

பத்து நிமிடம் முடியப் போகிறது. இரண்டிலிருந்து நான்கு வரை மட்டும் படித்தால், அதுவே முழுக் கதை. கைதட்டுவார்கள். எல்லாவற்றையும் படிப்பதானால், ஐந்துக்குப் போகும் முன், பெரியம்மா உட்கார்ந்திருக்கும் ஜன்னலோர நாற்காலியைப் பாருங்கள். முந்தைய பகுதி அவருக்கு இறங்கியிருக்கிறதா என்று பாருங்கள்.

ஆனால் சீட்டு உங்களுக்கே விழுந்திருந்தால், பெரியம்மா, நீங்கள் ஐந்தைத் தாண்டி வந்துவிட்டீர்கள். எழுந்து எதைப் படிப்பது என்பது உங்கள் விருப்பம். எனக்காக ஒன்று செய்யுங்கள். புதிய வாத்துகளுக்கு மூன்று நாள் உங்கள் கையாலேயே புகட்டுங்கள். நான்காம் நாள் மேலங்கியோடு உள்ளே போய், பலகையைச் சொருகாமல், ஒரு நிமிடம் நில்லுங்கள்.

நான் வர மாட்டேன். குறிப்பேடும் வராது. பார்த்ததை என்னிடம் சொல்ல வேண்டாம்.