சம்படத்துக்குள் ஒரு சிக்னல்

மொட்டை மாடித் தொட்டி நிரம்பி வழிந்து, கல்யாணத்துக்குக் கிளம்பிய செயலாளர் தட்சிணாமூர்த்தியின் பட்டுச் சட்டையை நனைத்தபோது, குற்றவாளியைத் தேட வேண்டிய சிரமமே யாருக்கும் இருக்கவில்லை. முடிச்சூரின் அந்தக் குடியிருப்பில் இப்படிப்பட்ட காரியங்களுக்கென்றே பத்ரி இருந்தான்.

தொட்டியில் நீர்மட்டம் பார்க்கும் சென்சார், கீழே மோட்டார் அறையில், சிக்னல் வந்தால் பச்சை விளக்கு எரியும் ரிசீவர், நடுவில் ஒயரே கிடையாது. பொதுக்குழுவில் மார்தட்டி பத்ரி மாட்டிய ஏற்பாடு. ஒரு வாரமாக சிக்னல் வந்தால் உண்டு. வராவிட்டால், ரிசீவர் கடைசியாகக் கேட்ட ‘காலி’யையே நம்பி மோட்டாரை ஓட விடும்.

“சாயங்காலத்துக்குள்ள சரி பண்ணுங்க. இல்லேன்னா கழட்டி உங்க வீட்டு ஷோகேஸ்ல வெச்சுக்குங்க,” என்றார் தட்சிணாமூர்த்தி, சட்டையைப் பிழிந்தபடி. “பழையபடி முனியம்மாவே மேல ஏறிப் பாத்து மோட்டார் போடட்டும். சரியாச்சுன்னா அவங்கள வேலையிலேருந்தே நிறுத்திடலாம்.”

குடியிருப்பைப் பெருக்கும் முனியம்மா துடைப்பத்தால் தண்ணீரைத் தள்ளினாள். பாதி பத்ரியின் கால்மேல் போனது.

பத்ரி ஆன்டெனாவை உயர்த்தினான். ரிசீவரை ஜன்னலோரம் மாற்றினான். விற்ற கடைக்காரர், “கிளைமேட் சார்” என்றார். எலக்ட்ரீஷியன் தயாளன், “பாக்கலாம் சார்” என்று வானத்தைப் பார்த்தான். நாலு மாடியை நாலு முறை ஏறியதில் பத்ரியின் முட்டி மட்டும் தெளிவாக சிக்னல் அனுப்பியது. முனியம்மாவின் முட்டிக்காகத்தான் இந்த சென்சாரே என்று ஊரெல்லாம் சொன்னவன் அவன். அவளிடம் மட்டும் கேட்டதில்லை.

ஐந்தாம் முறை ஏறியபோது அவள் தொட்டியடியில் நின்றிருந்தாள்.

“நீங்கதானே ஏதோ பண்ணியிருக்கீங்க?” என்றான், மூச்சிரைக்க.

“நானா? யோவ், இது யார் வூட்டு டப்பா?”

சென்சார்மேல் கவிழ்ந்திருந்த எவர்சில்வர் சம்படத்தை ‘டங்’கென்று தட்டினாள். மழையில் நனையக்கூடாதென்று போன வாரம் பத்ரியே கவிழ்த்துக் கம்பியால் கட்டியது. மனைவி திரிபுரசுந்தரியின் பெயர் வெட்டிய கல்யாணச் சீர்.

“இத்த கமுத்துன நாள்லேந்துதான் கீய பச்ச லைட்டு எரிய மாட்டுது. டப்பாவுல போட்டு மூடுனா எது சார் பேசும்? பட்ச்சவன் நீ.”

பத்ரி கம்பியை அவிழ்த்துச் சம்படத்தைத் தூக்கினான்.

“பச்சை வந்துடுச்சு சார்!” கீழேயிருந்து தயாளன் கத்தினான்.

முனியம்மா துடைப்பத்தை எடுத்துக்கொண்டு படியிறங்கத் திரும்பினாள். பத்ரி கையிலிருந்த சம்படத்தைப் பார்த்தான்.

“முனியம்மா, இந்த சென்சார் உங்களுக்கு வேணுமா, வேணாமா?”

“வேணாம் சார். முட்டி என்னுது, வலிச்சா நான் பாத்துக்கறேன். வேல பூட்சின்னா நீயா வந்து பாத்துக்குவ?”